ஒரே டிக்கெட், இரண்டு விமான நிறுவனங்கள்: மண்ணடி கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடியில் டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரிகள், உம்ராவுக்குக் கிளம்பும் குடும்பங்கள், வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலேறப் போகும் எண்ணூர்ப் பையன்கள், மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் திருவொற்றியூர் அம்மாக்கள் என்று எல்லோரும் எங்கள் தெருவுக்கு வருவார்கள். ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் போகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றக் காரணம் காலடிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா. மகன் வெளிநாட்டில் இருந்தபடி போனிலேயே மலிவாகப் பார்த்துப் போட்ட டிக்கெட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை ஒன்று, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேறொன்று. முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. பெட்டியை எடுக்க வெளியே போகலாம் என்றால் சிங்கப்பூர் விசா இல்லை. அறுபது தாண்டியவர், ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அது எங்கள் கடையில் போட்ட டிக்கெட் இல்லை, ஆனாலும் அழுதுகொண்டே எனக்குத்தான் போன் செய்தார். ஐந்து நிமிடம் யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவருக்கு வந்திருக்காது.

டிக்கெட்ல ஒரு கம்பெனி பேரு, ஏறினது வேற கம்பெனி பிளேன். ஏமாத்திட்டாங்களா?

இல்லை. அதற்குப் பெயர் கோட்ஷேர். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நீங்கள் கேட்ட நிறம் கடையில் இருக்காது. “உட்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பையனைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புவார்கள். புடவை அங்கிருந்து வரும், பில்லும் பையும் இந்தக் கடையுடையதாக இருக்கும். விமானத்திலும் அதே கதைதான். விமானம், பைலட், சாப்பாடு, இருக்கை எல்லாம் ஒரு நிறுவனத்துடையவை. அதே இருக்கையை இன்னொரு நிறுவனம் தன் எண்ணை ஒட்டி விற்கிறது. விமான நிலையப் பலகையில் ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு எண்கள் மாறி மாறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பறப்பது ஒன்று, விற்பவர்கள் பலர்.

விற்றவர் உங்களோடு ஒப்பந்தம் செய்தவர். பறப்பவர் உங்களைச் சுமந்து போகிறவர். இந்த இரண்டு பேரையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தாமாகவே வந்துவிடும்.

யார் உண்மையிலே பறக்குறாங்கன்னு டிக்கெட்ல எங்க பார்க்கணும்?

விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் “ஆபரேட்டட் பை” என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள பெயர்தான் உங்களை ஏற்றிப் போகும் நிறுவனம். விமான நிலையத்தில் அந்தப் பெயர் போட்ட கவுண்டருக்குத்தான் போகவேண்டும். வெளியூர் விமான நிலையங்களில் டெர்மினலும் அந்தப் பெயரைப் பொறுத்தே அமையும். விற்றவரின் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, “இது இங்கே இல்லை சார்” என்று கேட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

விற்றவர் யார் என்பதை டிக்கெட் எண் சொல்லும். 13 இலக்கம் கொண்ட எண்ணில் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் அடையாளம். 098 என்றால் ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 220 லுஃப்தான்சா. பணம் திரும்ப வேண்டும், தேதி மாற்றவேண்டும் என்றால் அந்த மூன்று இலக்கத்துக்கு உரியவர்தான் உங்கள் ஆள். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் ஏஜென்ட் வழியாக அவரிடம் போகவேண்டும்.

கோட்ஷேர், இன்டர்லைன், அலையன்ஸ்… எல்லாம் ஒண்ணுதானா?

மூன்றும் வேறு. இன்டர்லைன்தான் அடிப்படை. இரண்டு நிறுவனங்களின் விமானங்களை, அவரவர் எண்ணை மாற்றாமல், ஒரே டிக்கெட்டில் கோத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. சென்னை ஒன் செயலியில் ஒரே க்யூஆரை வைத்துக்கொண்டு பேருந்திலும் மெட்ரோவிலும் போகிறோமே, ஏறக்குறைய அது மாதிரி. பேருந்து பேருந்துதான், மெட்ரோ மெட்ரோதான், டிக்கெட் மட்டும் ஒன்று. கோட்ஷேரில் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் தன் எண்ணையும் கொடுத்துவிடுகிறார்.

அலையன்ஸ் என்பது பல நிறுவனங்கள் சேர்ந்த பெரிய கூட்டணி. உலகில் மூன்று உண்டு. 1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர், லுஃப்தான்சா, யுனைடெட், தாய் போன்றவை இருக்கின்றன. ஏர் இந்தியா 2014இல் சேர்ந்தது. 1999இல் தொடங்கிய ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் இருக்கின்றன. 2000இல் தொடங்கிய ஸ்கைடீமில் ஏர் பிரான்ஸ், கேஎல்எம், டெல்டா, சவுதியா இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏறும் எமிரேட்ஸும் இண்டிகோவும் இந்த மூன்றில் எதிலும் இல்லை. அதனால் கூட்டாளிகள் இல்லை என்று நினைக்க வேண்டாம். எமிரேட்ஸ் 2013 முதல் குவாண்டாஸோடு சேர்ந்து இயங்குகிறது. இண்டிகோ 2019இல் கத்தார் ஏர்வேஸோடு கோட்ஷேர் செய்தது. இவை இருவர் மட்டும் செய்துகொண்ட தனி ஒப்பந்தங்கள்.

இன்னொரு இடத்தில் பலர் தவறுகிறார்கள். ஒரே முதலாளியின் கம்பெனி என்பதால் கூட்டணிச் சலுகையும் வந்துவிடாது. ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கிறது, அதன் ஸ்கூட் இல்லை.

அவங்கவங்க பிளேனை அவங்கவங்களே விட்டா என்ன? எதுக்கு இந்தச் சுத்து?

அரசுகள் விடாது, அதுதான் காரணம். 1944 சிகாகோ ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியின் மேல் முழு உரிமை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் சென்னைக்கு வாரத்தில் எத்தனை முறை வரலாம் என்பது இரண்டு அரசுகள் பேசி முடிவு செய்வது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பயணிகளை ஏற்றிப் போக அந்த நிறுவனத்துக்கு அனுமதியே கிடையாது. ஆனால் லண்டனில் இருக்கும் ஒருவருக்கு மதுரை வரை டிக்கெட் விற்க அதற்கு ஆசை. அப்போது உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு கை கோத்துத்தான் ஆகவேண்டும்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஒரு வழித்தடத்தின் வருமானத்தையே பங்குபோட்டுக்கொள்ளும் கூட்டு வியாபாரம். அமெரிக்கா போகும் வழியில் கேஎல்எம்மும் நார்த்வெஸ்டும் 1993இல் அரசு அனுமதியோடு அதைத் தொடங்கிவைத்தன. பயணிக்கு நேரம் ஒத்துவரும், இணைப்பு சுலபமாகும். அதே வழியில் போட்டி குறைவதும் உண்மைதான். இதில் லாபம் மட்டுமே இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ரெண்டு டிக்கெட்டாப் போட்டா பத்தாயிரம் குறையுதே. ஒரே டிக்கெட்டாத்தான் போடணுமா?

என்னிடம் வருகிறவர்களை நான் அதிக நேரம் நிறுத்திவைத்துப் பேசுவது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒரே டிக்கெட் என்றால், எத்தனை நிறுவனங்கள் கோக்கப்பட்டிருந்தாலும், சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அடுத்து இடமுள்ள விமானத்தில் கூடுதல் பணம் வாங்காமல் போட்டுத் தரவேண்டும். பெட்டிக்குச் சென்னையிலேயே கடைசி ஊர் வரை டேக் விழும். நடுவில் நீங்கள் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் பெரும்பாலும் சென்னையிலேயே கையில் வந்துவிடும்.

இரண்டு டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களுடைய முதல் விமானம் என்னவானது என்ற கவலை கிடையாது. குறித்த நேரத்தில் வராதவர் என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும் பயணமும் அதே டிக்கெட்டில் இருந்தால் அதுவும் சேர்ந்து ரத்தாகும். நடு ஊரில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று போடவேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். காலடிப்பேட்டை அம்மாவுக்கு நடந்தது இதுதான். இரண்டு நிறுவனங்களும் ஒரே கூட்டணியில் இருந்தால் கவுண்டரில் இருப்பவர் மனமிரங்கி உதவக்கூடும். அதை உரிமையாகக் கேட்க முடியாது.

தனியாகப் போகும் இளைஞர், கைப்பை மட்டும், நடுவில் ஒரு நாள் இடைவெளி, அந்த ஊர் விசாவும் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு டிக்கெட் போடுங்கள், பணம் மிச்சம். வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகும் பெண்கள், முதல் முறை விமானம் ஏறுகிறவர்கள் என்றால் ஒரே டிக்கெட்தான். மிச்சமாகும் பத்தாயிரத்துக்காக அம்மாவை அந்நிய ஊர் நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைனில் வாங்கும்போது கவனம் தேவை. சில தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரே விலையில் காட்டும். “செல்ஃப் டிரான்ஸ்ஃபர்” என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது இரண்டு டிக்கெட். பணம் கட்டியபிறகு டிக்கெட் எண் எத்தனை வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

பிஎன்ஆர் போட்டா “அப்படி ஒண்ணு இல்ல”ன்னு வருது. டிக்கெட் பொய்யா?

பயப்படவேண்டாம். ஆறு எழுத்து பிஎன்ஆர் என்பது அந்தந்த நிறுவனத்தின் கணினிக்கு உரியது. விற்றவரிடம் ஒன்று இருக்கும், பறப்பவரிடம் வேறொன்று இருக்கும். வெப் செக்-இன் செய்வதும் இருக்கை தேர்ந்தெடுப்பதும் பறப்பவரின் தளத்தில் என்பதால் அவருடைய பிஎன்ஆர் வேண்டும். விற்றவரையோ ஏஜென்டையோ கேட்டால் இரண்டையும் எடுத்துத் தருவார்கள். டிக்கெட் போட்ட அன்றே கேட்டு, இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

வீல்சேர், சைவச் சாப்பாடு எல்லாம் ஒருத்தர்கிட்ட சொன்னா இன்னொருத்தருக்குப் போயிடுமா?

கணினி வழியாகப் போகவேண்டும், நடைமுறையில் சில நேரம் நடுவில் நின்றுவிடுகிறது. வீல்சேர் என்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு, பறக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் போன் செய்து உறுதி செய்யுங்கள். சென்னையில் ஏற்றிவிட்டார்கள், நடு ஊரில் ஆளே வரவில்லை என்று மூட்டுவலியோடு நடந்தவர்கள் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். உம்ரா முடித்து வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீர் பற்றியும் இப்படியே பறப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

லக்கேஜ் எவ்வளவு? ஒருத்தர் 30 கிலோங்குறார், இன்னொருத்தர் 23ங்குறார்.

ஒரே டிக்கெட்டில் பயணம் முழுமைக்கும் பெரும்பாலும் ஒரே அளவுதான் பொருந்தும். டிக்கெட்டில் ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்கும் ஒவ்வொரு பகுதிக்கும், எதிரே அது அச்சாகியிருக்கும். எத்தனை பெட்டி அல்லது எத்தனை கிலோ என்று அங்கே பாருங்கள். தளத்தில் இருப்பதைவிட உங்கள் டிக்கெட்டில் அச்சானதுதான் பேசும், அதனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள். அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் பயணத்தில், முதல் செக்டருக்கான லக்கேஜ் விதியே கடைசி வரை செல்லும் என்று அந்த நாட்டு அரசின் விதி இருக்கிறது. கைப்பை அளவு மட்டும் பறப்பவரைப் பொறுத்து மாறலாம்.

கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும் சில இடங்களில் பெட்டியை நடுவில் எடுக்கவேண்டும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாக எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் சென்னை வரும்போதும் பெரும்பாலும் அப்படித்தான். சென்னையில் செக்-இன் செய்யும்போதே, “பெட்டியை நான் எங்கே கையில் எடுக்கணும்?” என்று கேளுங்கள். டேக்கில் அச்சான மூன்றெழுத்தும் நீங்கள் போகும் ஊர்தானா என்று பாருங்கள்.

விமானம் லேட், இல்ல கேன்சல். யாரைப் பிடிக்கணும்?

பயண நாளுக்கு முன்பே நேரம் மாறிவிட்டதாகத் தகவல் வந்தால் விற்றவரைப் பிடியுங்கள். டிக்கெட் அவர் கையில்தான் இருக்கிறது. விமான நிலையத்துக்கு வந்தபிறகு பிரச்சினை என்றால் பறப்பவரின் கவுண்டர். அங்கே போய் விற்றவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த விமானத்தில் இருக்கும் காலி இடங்களை முன்னால் நிற்பவர்கள் எடுத்துவிடுவார்கள்.

இழப்பீடும் பெரும்பாலும் பறப்பவரைப் பொறுத்ததே. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, ஒன்றியத்து ஊர்களிலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும் விமானத்துக்கு, பறப்பவர் ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும் பொருந்தும். சென்னையிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு லுஃப்தான்சா பறக்கிறது என்றால், டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் எண் இருந்தாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. டெல்லியிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு ஏர் இந்தியா பறந்தால், லுஃப்தான்சா எண்ணில் வாங்கியிருந்தாலும் போகும் வழியில் கிடையாது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், நிறுவனத்தின் கைமீறிய காரணம் இல்லாதபட்சத்தில், 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம். பிள்ளையைப் பார்க்க ஜெர்மனி போய்வரும் பெரியவர்களில் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது.

நம் நாட்டில், உறுதியான டிக்கெட் இருந்தும் இடமில்லை என்று ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராதபட்சத்தில், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி இழப்பீடு உண்டு. மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் என்றால் 10,000 ரூபாய் வரை, அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் வரை. கவுண்டரில் பேசிப் பலனில்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

ரெண்டு கம்பெனி மாறி வந்ததுல பெட்டி காணோம். ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுறாங்க.

கடைசியாக உங்களை இறக்கிவிட்ட நிறுவனத்திடம்தான் புகார் எழுதவேண்டும். பெட்டி எடுக்கும் கூடத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே பிஐஆர் என்ற படிவத்தை எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

இந்தியா 2009இல் ஏற்றுக்கொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி யார் கையில் இருந்தபோது போனதோ அந்த நிறுவனம் என்று மூவரில் யாரிடமும் நீங்கள் கேட்கலாம். கோட்ஷேரில் விற்றவரும் பறந்தவரும் இருவருமே பொறுப்பு. உடைந்த பெட்டி என்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டி என்றால் அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போகவேண்டும். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம். இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். நகையைச் செக்-இன் பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

கூட்டாளி விமானத்துல போனா பாயின்ட் சேருமா?

அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனங்கள் கணக்கில் ஏற்றும் சலுகைப் பாயின்டைத்தான் கேட்கிறார்கள். சேரும், ஆனால் டிக்கெட் வகுப்பைப் பொறுத்து. மிக மலிவான டிக்கெட்டுகளுக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ போகலாம். ஒரு பயணத்தின் பாயின்டை ஒரே ஒரு கணக்கில்தான் ஏற்ற முடியும். அதனால் கூட்டணிக்கு ஒரு கணக்கு போதும், ஐந்து கணக்கில் சிதறவிட வேண்டாம். கப்பலுக்குப் போய்வரும் பையன்களுக்கு இது நல்ல வருமானம் மாதிரி. ஸ்டார் அலையன்ஸில் கோல்ட் நிலைக்கு வந்துவிட்டால் எந்த உறுப்பு நிறுவனத்தில் பறந்தாலும் கூடுதல் லக்கேஜும் ஓய்வறையும் கிடைக்கும். பாயின்ட் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒரே பிளேன், ஒரே சீட்டு. ரெண்டு கம்பெனி ரெண்டு விலை சொல்லுதே?

இருவரும் தனித்தனியாக விலை வைக்கிறார்கள். இரண்டையும் பாருங்கள். விலை நெருக்கமாக இருந்தால் பறப்பவரிடமே வாங்குங்கள், பிரச்சினை வந்தால் பேச ஒரே ஆள்தான்.

டிக்கெட் போட்ட பிறகு கம்பெனியே மாறிப்போனா?

2024 நவம்பர் 12இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பழைய டிக்கெட்டுகள் ஏர் இந்தியா விமானங்களில் செல்லுபடியாயின. இணைப்பு என்றால் இப்படித்தான் போகும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது வேறு கதை. அப்படி ஒன்று நடந்தால் டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். டிக்கெட்டை வெளியிட்டது இயங்கிக்கொண்டிருக்கும் கூட்டாளி நிறுவனம் என்றால், மாற்று விமானமோ பணமோ அவரிடம் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

திருவொற்றியூர்லேர்ந்து எவ்வளவு முன்னாடி கிளம்பணும்?

2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையம் வரை போகலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவிலும் விடிகாலையிலும் கிளம்புகின்றன, அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. இரண்டு மணி விமானத்துக்குக் கடைசி மெட்ரோவில் போய் உட்கார்ந்துகொள்வது நல்லது. கண்டெய்னர் லாரிகள் நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையை நம்பி டாக்ஸி பிடிக்கவேண்டாம். கோட்ஷேர் டிக்கெட் என்றால் மூன்று மணி நேரம் முன்பே கவுண்டரில் இருங்கள், பெயர் விற்றவர் கணினியிலிருந்து பறப்பவருக்குச் சரியாக வந்து சேராத நாட்களில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் பிடிக்கிறது.